கல்லீரல் சுருக்கம்: அப்பாவுக்குப் பருப்பும் தயிரும் கொடுக்கலாமா, கூடாதா?

கேள்வி: ஜனக்புரி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 63 வயது. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, தில்லி ஜனக்புரியில் எங்களுடன் இருக்கிறார். 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் உண்டு. வாழ்நாளில் மதுவைத் தொட்டவர் அல்லர். ஆயினும் கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் தாழ்ந்த குரலில் அம்மாவிடம் கேட்கும் முதல் கேள்வி ‘குடிப்பாரா?’ என்பதாகவே இருக்கிறது. கொழுப்பு ஈரல் முற்றியதால் வந்த சுருக்கம் என்றுதான் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா தினமும் காலையில் குளித்துவிட்டு, கோடு போட்ட நோட்டில் ‘ஓம் சரவணபவ’ என்று 108 முறை எழுதுவார். அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. சென்ற மாதம் ஒரு நாள் அந்த எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தன. மூன்று சுழி ‘ண’வுக்கு ஓரிடத்தில் இரண்டு சுழியும் ஓரிடத்தில் நான்கு சுழியும் இருந்தன. கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் பக்கத்தில் பாதிக்குமேல் ‘சர சர சர’ என்று மட்டுமே இருந்தது. அன்று மாலை குளியலறை எங்கே என்று சமையலறையில் நின்றுகொண்டு கேட்டார். இரவே மருத்துவமனையில் சேர்த்தோம். கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா போன்ற கழிவு மூளைக்குப் போனதால் வந்த குழப்பம் என்றார்கள். நான்கு நாளில் தெளிந்து வீடு திரும்பினார்.

எங்கள் குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது, புரதம் அம்மோனியாவைக் கூட்டும், ஆகையால் பருப்பு, பால், தயிர், பனீர் அனைத்தையும் நிறுத்துங்கள் என்று ஒருவர் சொன்னார். மூன்று வாரமாக அப்பா கஞ்சியும் ரசம் சாதமும் வேகவைத்த காயும்தான் சாப்பிடுகிறார். 58 கிலோ இருந்தவர் 54 கிலோவுக்கு வந்துவிட்டார். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னும் சில ஐயங்கள். லாக்டுலோஸ் சிரப் மூன்று வேளை கொடுக்கிறோம். ஒரு நாளில் ஆறு ஏழு முறை வயிற்றால் போகவே, பயந்து இரண்டு நாள் நிறுத்தினோம். அது சரியா? பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார். தூக்க மாத்திரை கேட்கிறார். அம்மோனியா அளவை வாரந்தோறும் இரத்தத்தில் பார்க்க வேண்டுமா? கல்லீரல் மாற்று அறுவை பற்றி இப்போதே கேட்கலாமா, அல்லது மிக முற்றிய பிறகு பேச வேண்டியதா? கிருத்திகைதோறும் இரவு வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வருவது அவருடைய நாற்பது ஆண்டுப் பழக்கம். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில் 1: உணவியலாளர், முனிர்க்கா

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவமனை ஒன்றில் உணவியலாளராகப் பல ஆண்டுகள் கல்லீரல் நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் எழுதியிருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் அப்பாவின் உடல் இழந்த நான்கு கிலோவில் பெரும்பகுதி தசையாக இருக்கக்கூடும் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

புரதத்தை நிறுத்தும் அறிவுரை பழையது. பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் இருந்தது; எனவே சொன்னவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் 2004-இல் பார்சிலோனாவில், இதே மூளைக் குழப்பத்தோடு சேர்க்கப்பட்ட நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் புரதத்தைக் குறைத்தும் மற்றவர்களுக்கு வழக்கமான அளவு கொடுத்தும் பார்த்தபோது, குறைத்தவர்களுக்குக் குழப்பம் விரைவாகத் தெளியவில்லை; மாறாக அவர்கள் உடலில் புரதச் சிதைவுதான் கூடியிருந்தது. இன்றைய வழிகாட்டு நெறிகள் அனைத்தும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், ஏறத்தாழ 35 கிலோகலோரி உணவும் வேண்டும் என்றே சொல்கின்றன.

இதற்குக் காரணம் எளிது. அம்மோனியாவைச் செயலிழக்கச் செய்வது கல்லீரல் மட்டுமன்று, தசையும் அதைச் செய்கிறது. தசை அம்மோனியாவைப் பிடித்துக் குளூட்டமினாக மாற்றிவிடும். கல்லீரல் தளர்ந்தவருக்குத் தசையே இரண்டாவது கல்லீரல். அதைக் கரைத்துவிட்டு, கழிவு மூளைக்குப் போகக் கூடாது என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. மேலும், சுருங்கிய கல்லீரலில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடம் போதாது. நலமாக உள்ள ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடலுக்கு என்ன நேருமோ, அது சிரோசிஸ் நோயாளிக்கு ஒரே இரவில் நேர்ந்துவிடுகிறது. இரவு 8 மணிக்கு இரண்டு கரண்டி ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை 8 மணிக்குக் கஞ்சி குடிப்பவரின் உடல், நடுச்சாமத்திலிருந்து தன் தசையையே உரித்துச் சர்க்கரையாக்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே படுக்கப் போகும்முன் ஒரு சிற்றுணவு கட்டாயம் வேண்டும். இரண்டு சிறிய கோதுமை ரொட்டியும் ஒரு கோப்பைப் பாலும் போதும். சத்துமாவுக் கஞ்சியைப் பாலில் காய்ச்சியும் கொடுக்கலாம். நியூசிலாந்தில் 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு கூடுதல் ஊட்டத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு இரவிலும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் பெற்றவர்களுக்குத்தான் உடலில் தசைப்புரதம் கூடியது. பகலில் பெற்றவர்களுக்கு அப்பலன் இல்லை. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், இந்த இரவுணவை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையையோ இன்சுலினையோ அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறிவிடும் என்ற அச்சத்தில் இரவுணவை நிறுத்துவது இங்கே தவறு.

54 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 கிராம் புரதம். சைவ உணவு என்றால் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: இறைச்சிப் புரதத்தைவிடப் பால், பயறு வகைப் புரதத்தை இந்நோயாளிகள் நன்றாகத் தாங்குகிறார்கள், பயறில் உள்ள நார்ச்சத்து மலத்தையும் இளக்கும். என் கணக்கை அப்படியே எழுதுகிறேன். வேகவைக்கும் முன் 75 கிராம் பருப்பு அல்லது பயறு எடுத்தால் 17 கிராம் புரதம். பாலும் தயிருமாக 600 மில்லி என்றால் ஏறத்தாழ 19 கிராம். தில்லியில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் பனீர் 75 கிராம் என்றால் 14 கிராம். ஒரு பிடி வறுத்த கடலை 6 கிராம். நாள் முழுதும் உண்ணும் அரிசியும் கோதுமையும் சேர்ந்து 20 கிராமுக்கு மேல் தரும். இதை மூன்று வேளையாக வைத்துத் திணிக்காமல், சிறிது சிறிதாக ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

உப்பைப் பற்றி ஒன்று. அவருக்குக் காலில் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால், ஒரு நாள் முழுமைக்கும் உப்பு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டால் பொங்கும் பொடி ஆகியவை வீட்டுக்குள் வரவே வேண்டாம். இந்துப்பு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் சோடியம் உப்புத்தான். அதைவிட ஆபத்தானது கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். நீர் பிரிவதற்காக ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சேர்த்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கும் அளவுக்கு ஏறக்கூடும்.

கிருத்திகை விரதம் பற்றி அப்பாவிடம் நீங்கள் பேசுவதைவிட, அவர் மதிக்கும் குருக்களோ வீட்டுப் பெரியவரோ பேசினால் பலன் இருக்கும். கோயிலுக்குப் போவதில் தடையே இல்லை. வெறும் வயிற்றோடு போகக் கூடாது, அவ்வளவுதான்.

பதில் 2: மயூர் விகார் மகன்

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அம்மாவின் நினைவு வந்தது. மூன்று ஆண்டுகள் அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருத்துவம் படித்தவன் அல்லன்.

அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி. 1990-களில் கருப்பை அறுவையின்போது ஏற்றிய இரத்தத்தில் வந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். வைரசை 12 வார மாத்திரையில் அழித்துவிட்டோம். ஆனால் கல்லீரல் அதற்குள் சுருங்கியிருந்தது. ஒருமுறை அம்மா இரவெல்லாம் தூங்காமல் உழன்றபோது, நாங்கள் அழைத்துப்போன மருத்துவமனையில் தூக்க மாத்திரை எழுதினார்கள். நோயின் பெயர் சீட்டில் இருந்தது. எழுதியவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இரண்டு இரவு கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் உலுக்கி எழுப்பியும் கண் திறக்கவில்லை. ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பகலில் தூங்கி இரவில் விழிப்பது நோயின் தொடக்க அறிகுறி என்றும், அதற்கு மருந்து தூக்க மாத்திரை அன்று, லாக்டுலோஸ்தான் என்றும் அங்கேதான் எங்களுக்குச் சொன்னார்கள். தயவுசெய்து அப்பாவுக்கு அந்த மாத்திரையை வாங்கித் தராதீர்கள்.

லாக்டுலோஸ் பற்றி நான் கற்றது இதுதான்: சிரப்பின் அளவு சீட்டில் எழுதியபடி நிலையாக இருப்பதன்று, மலம் போகும் கணக்கைப் பார்த்து வீட்டில் இருப்பவர் கூட்டிக் குறைக்க வேண்டியது. ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று முறை இளகலாகப் போக வேண்டும். குளியலறைக் கதவின் உட்புறம் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டி, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுவார். மாலை 6 மணிக்கு ஒரு கோடுதான் இருந்தால் இரவு 10 மில்லி கூட்டிக் கொடுப்பேன். நான்காவது கோடு விழுந்தால் அடுத்த வேளையைப் பாதியாக்குவேன். முழுவதும் நிறுத்தியது கிடையாது. எவ்வளவு வரை கூட்டலாம், குறைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

குடித்ததும் வாய் தித்திக்கும், வயிறு பொருமும். அம்மா எலுமிச்சைச் சாறு சேர்த்த தண்ணீரில் கலந்து குடித்தார்.

பதில் 3: லோதி காலனி பெரியவர்

அம்மா, உன் தந்தை நலம்பெற வேண்டும். எனக்கு 12 வயதில் மஞ்சள் காமாலை கண்டபோது, தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் பாட்டி கீழாநெல்லியை வேரோடு பறித்து அரைத்து மோரில் கொடுத்தாள். மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கிவிட்டது. எத்தனையோ பேர் அதில் குணமாகியிருக்கிறார்கள். ஆங்கில மருந்தோடு சேர்த்து இதையும் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. சீந்தில் கொடியும் நல்லது என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 4: குடல், கல்லீரல் மருத்துவர், தெற்கு தில்லி

அனைவருக்கும் வணக்கம். உணவியலாளரும் மயூர் விகார் அன்பரும் எழுதியவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் மருந்தளவு சொல்வது முறையன்று என்பதால், உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்ற அளவில் எழுதுகிறேன்.

லாக்டுலோஸ் இந்த நோயின் அடிப்படை மருந்து. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தில் அம்மோனியா இரத்தத்துக்குள் புக முடியாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு போய்விடுகிறது. ஒருமுறை குழப்பம் வந்து தெளிந்தவருக்கு லாக்டுலோஸைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் தில்லியிலேயே, கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையில் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். மருந்து தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு மட்டுமே குழப்பம் திரும்பியது. தொடராதவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. ஆகவே தெளிந்துவிட்டார் என்று நிறுத்தவே கூடாது. லாக்டுலோஸ் எடுத்தும் மறுபடி வந்தால் ரிஃபாக்சிமின் என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள்.

அதே சமயம் ஆறு ஏழு முறை போவதும் நல்லதன்று. உடலில் நீர் வற்றி, பொட்டாசியம் குறைந்தால், அதுவே அடுத்த குழப்பத்துக்குக் காரணமாகிவிடும். நீங்கள் பயந்தது சரி, முழுவதும் நிறுத்தியதுதான் தவறு. குழப்பத்தைத் தூண்டுபவை பெரும்பாலும் இன்னவைதான்: மலச்சிக்கல், நோய்த்தொற்று, உணவுக்குழாயிலோ வயிற்றிலோ இரத்தக் கசிவு, அளவு மீறிய நீர் மாத்திரை, தூக்க மருந்து. மருத்துவமனையில் சேர்த்த அன்று எது தூண்டியது என்று தேடினார்களா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். வயிற்றில் நீர் இருந்திருந்தால், ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தார்களா என்பது மிக முக்கியம். அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-க்கு மேல் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் இருந்தால் அது தொற்று. காய்ச்சலே இல்லாமலும் அது இருக்கக்கூடும்.

வாரந்தோறும் அம்மோனியா பார்க்க வேண்டாம். இரத்தம் எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து உடனே சோதிக்காவிட்டால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். சரியாகவே எடுத்தாலும் அந்த எண்ணை வைத்து மருந்தை மாற்றுவதில்லை. உங்களிடம் அதைவிடச் சிறந்த கருவி இருக்கிறது. கையெழுத்து மாறுவது இந்நோயின் மிகத் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. நாங்கள் நோயாளியை நட்சத்திரம் வரையச் சொல்லிப் பார்ப்பதும் அதற்காகத்தான். ஒவ்வொரு நாள் காலையும் அந்த நோட்டைப் பாருங்கள். கோடு சரிந்த அன்றே மலம் போயிற்றா, காய்ச்சல் உண்டா, கறுப்பாகப் போயிற்றா என்று விசாரித்து மருத்துவரை அழையுங்கள். தில்லிச் சாலையில் அப்பா இனி வண்டி ஓட்ட வேண்டாம்.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் என்னைப் பொறுத்தவரை மிக அவசரமான ஒன்று: எண்டோஸ்கோபி செய்தாயிற்றா? சுருங்கிய கல்லீரலுக்குள் புக முடியாத இரத்தம் உணவுக்குழாயின் நாளங்களைப் புடைக்கச் செய்யும். அவை வெடித்தால் உயிருக்கு ஆபத்து. நாளங்கள் புடைத்திருந்தால் கார்வெடிலால் போன்ற மாத்திரை தருவார்கள், அல்லது நாளத்தை இரப்பர் வளையத்தால் கட்டுவார்கள். இரத்தம் கக்கிய பிறகு செய்வதைவிட முன்பே செய்வது பன்மடங்கு நல்லது. தார் போன்ற கறுப்பு மலமோ இரத்த வாந்தியோ கண்டால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதைச் சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள்.

அதேபோல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. என்ற இரத்தச் சோதனையும் தவறக் கூடாது. சிரோசிஸ் உள்ள கல்லீரலில் புற்றுநோய் வலியே இல்லாமல் வளரும். சிறிதாக இருக்கும்போது கண்டால் முழுதும் நீக்க முடியும். மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கூடவே கூடாது. அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக் கசிவையும் தூண்டும். பாராசிட்டமால் ஆபத்து என்று அஞ்சிப் பலர் இவற்றுக்குப் போகிறார்கள். நாளுக்கு 2 கிராமுக்குள் பாராசிட்டமால்தான் இவர்களுக்கு உகந்தது. நீண்ட நாளாக அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுவந்தால், அது இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். தேவையில்லாமல் தொடர்ந்தால் தொற்று வாய்ப்பைக் கூட்டுகிறது.

மாற்று அறுவையைப் பற்றிக் கேட்கும் நேரம் இதுவே. வயிற்றில் நீர், இரத்தக் கசிவு, மூளைக் குழப்பம் ஆகிய மூன்றில் ஒன்று வந்துவிட்டால், மாற்றுச் சிகிச்சை மையத்தில் ஒருமுறை மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய நெறி. மதிப்பீடு என்றால் உடனே அறுவை என்று பொருளன்று. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டும் மெல்ட் என்ற மதிப்பெண் கணக்கிட்டு, இதயம், நுரையீரல், சர்க்கரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். படுத்த படுக்கையான பிறகு கொண்டுவருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எங்களுக்குக் கையறு நிலை. வசந்த் குஞ்சில் கல்லீரலுக்கென்றே தில்லி அரசின் தன்னாட்சி நிறுவனம் இருக்கிறது. எய்ம்ஸிலும் பந்த் மருத்துவமனையிலும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் கல்லீரல் மாற்று 1998-இல் இதே தில்லியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்கு, தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்துச் செய்தார்கள். அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவமே படித்தது என்பதை, பயந்து வரும் குடும்பங்களிடம் நான் எப்போதும் சொல்வேன்.

லோதி காலனி ஐயா அவர்களுக்கு: சிறுவயதில் வரும் காமாலையில் பெரும்பாலானது ஹெபடைடிஸ் ஏ வைரசால் வருவது. அது மருந்தே இல்லாமலும் சில வாரங்களில் தானே இறங்கும். கீழாநெல்லியை அறிவியல் ஒதுக்கிவிடவில்லை, ஐயா. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்து, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைரசின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே ஆர்வத்தோடு திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சீந்திலைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காக அதைக் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். நலமான கல்லீரல் தாங்கும் ஒன்றைச் சுருங்கிய கல்லீரல் தாங்காது. இப்போது இந்நோயாளிக்கு எந்த மூலிகையும் வேண்டாம் என்பது என் உறுதியான வேண்டுகோள்.

லோதி காலனி பெரியவர்

விளக்கத்துக்கு நன்றி, டாக்டர். சீந்தில் பற்றி எனக்குத் தெரியாது. அம்மா, நான் சொன்னதை விட்டுவிடு. மலை மந்திரில் எனக்குப் பழக்கமான குருக்கள் இருக்கிறார். விரதம் பற்றி உன் தந்தையிடம் அவரைப் பேசச் சொல்லட்டுமா?

ஜனக்புரி மகள் (9 நாள் கழித்து)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் ஐயா சொன்னபடி குருக்கள் தொலைபேசியில் அப்பாவிடம் பேசினார். மருந்துபோல உண்பது விரதத்தைக் கெடுக்காது என்று அவர் சொன்னதை அப்பா ஏற்றுக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எண்டோஸ்கோபி செய்ததாக எங்கும் இல்லை. கல்லீரல் மருத்துவர் ஒருவரிடம் முறையாகச் சேர்த்துவிட்டோம்; நேற்று எண்டோஸ்கோபி செய்ததில் இரண்டு நாளங்கள் பெரிதாக இருக்கின்றன என்று கண்டு கார்வெடிலால் தொடங்கியிருக்கிறார். மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கினால் அழைக்கச் சொன்னார். மாற்று மதிப்பீட்டுக்கும் தேதி வாங்கிவிட்டோம். நான் கொடையாளியாகலாமா என்று அப்பாவுக்குத் தெரியாமல் கேட்டேன்; முதலில் என் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

பருப்பும் பனீரும் மறுபடி தொடங்கி எட்டு நாளாகிறது. குழப்பம் எதுவும் வரவில்லை. இரவு 10 மணிக்கு அம்மா ரொட்டியும் பாலும் எடுத்துவைக்கிறார். குளியலறைக் கதவில் தாள் ஒட்டியாயிற்று. நேற்றும் இன்றும் மூன்று கோடு. நோட்டில் எழுத்து கோட்டின் மேல் நிற்கிறது.

ஒரே ஒரு கேள்வி. அடுத்த மாதம் அக்கா மகள் திருமணத்துக்குச் சென்னை போக வேண்டும். மருத்துவர் போகலாம் என்றுவிட்டார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 33 மணி நேரம். கழிப்பறைக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது, அந்த இரண்டு நாள் சிரப் வேண்டாம் என்று அப்பா இப்போதே சொல்கிறார்.

மயூர் விகார் மகன்

நிறுத்தவே கூடாது, சகோதரி. என் அம்மாவும் காசிக்குப் போகும்போது இதே காரணத்துக்காக எனக்குத் தெரியாமல் சிரப்பைக் குடிக்காமல் இருந்து, இறங்கும்போது ஊர்ப் பெயர் தெரியாமல் நின்றார். பெட்டியின் ஓரமாக, கழிப்பறைக்கு அருகில் கீழ்ப் படுக்கை கேட்டுப் பதிவு செய்யுங்கள். சிரப்பை ஒரே வேளையில் அதிகம் கொடுக்காமல் சிறு அளவாகப் பிரித்துக் கொடுத்தால் அவசரமாக வராது. ஒரு புட்டிக்கு இரண்டு புட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். வண்டியில் கிடைக்கும் சாப்பாட்டில் உப்பு அதிகம். இரண்டு நாளுக்கான ரொட்டியும் வறுத்த கடலையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். இரவு 10 மணி ரொட்டியை இரயிலிலும் தவறவிடாதீர்கள். நோட்டையும் பேனாவையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம்.